ஓடுகிறது என்பதற்காகச் சரி என்று நம்பிவிடாதீர்கள்

பிறர் சி மொழியில் எழுதிய நிரல்களைச் சரிபார்ப்பது என் வேலையில் பெரும்பகுதி. ஒருமுறை வந்த நிரல் சோதனையில் ஒழுங்காக ஓடியது. நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலரில், வேகமாக ஓட வைக்கும் ஆப்டிமைசேஷனைக் கூட்டிக் கம்பைல் செய்ததும் தப்பான விடை தந்தது. "கம்பைலரில்தான் பக் இருக்கிறது சார்" என்றார் எழுதியவர்.

கம்பைலரில் தவறே இல்லை. எண் எல்லை மீறுகிறதா என்று பார்க்க அவர் ஒரு வரி எழுதியிருந்தார்: எக்ஸ் என்ற எண்ணுடன் ஒன்றைக் கூட்டினால் எக்ஸைவிடச் சின்னதாகிறதா? 32 பிட் முழு எண் 2147483647-ஐத் தாண்டினால் சுற்றிக்கொண்டு மைனஸுக்குப் போகும் என்ற நம்பிக்கை. இன்றைய கணினிகளில் அப்படித்தான் நடக்கும். ஆனால் சி மொழியின் தர ஆவணம் அந்த வாக்குறுதியைத் தரவில்லை. மைனஸும் வரக்கூடிய முழு எண் எல்லை மீறினால் என்ன ஆகும் என்பதை வரையறுக்காமலே விட்டிருக்கிறது. ஆகவே கம்பைலர், மீறலே நடக்காது என்று எடுத்துக்கொண்டு அந்தச் சோதனையையே நீக்கிவிட்டது. காவலுக்கு வைத்த வரிதான் முதலில் போனது!

இது சின்ன நிரல்களின் பிரச்சினை மட்டுமல்ல. 2009-ல் லினக்ஸ் கெர்னலின் ஒரு டிரைவரில், பாயிண்டரை (நினைவக முகவரியை வைத்திருக்கும் மாறியை) பயன்படுத்திய பிறகு, அது எதையும் சுட்டாத வெற்று (null) பாயிண்டரா என்று சோதித்திருந்தார்கள். ஏற்கெனவே பயன்படுத்தியாயிற்று, அப்படியானால் வெற்றாக இருக்க முடியாது என்று ஜிசிசி என்ற கம்பைலர் சோதனையைத் தூக்கிவிட்டது. அது பாதுகாப்பு ஓட்டையானது.

ஏன் இப்படி வரையறுக்காமல் விட்டார்கள்? அன்றைய கணினிகள் மைனஸ் எண்களை வெவ்வேறு விதமாக வைத்திருந்தன. அப்புறம், வேகத்துக்காகக் கம்பைலருக்குச் சுதந்திரமும் தேவைப்பட்டது. சி தரத்தின் புதிய பதிப்பான சி23-ல் மைனஸ் எண்களை வைக்கும் முறை ஒன்றே ஒன்று என்றாகிவிட்டது, மீறல் மட்டும் இன்னும் வரையறுக்கப்படவில்லை. ஜாவா நேர்மாறு: எண் சுற்றிக்கொள்ளும் என்று மொழியே சொல்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த முடிவு கோ மொழியுடையது. மேப்பில் (பெயரும் மதிப்புமாகச் சேர்த்து வைக்கும் அமைப்பில்) உள்ளவை எந்த வரிசையில் வரும் என்று அது உறுதி தருவதில்லை. யாரும் தற்செயலான வரிசையை நம்பிவிடக் கூடாது என்றே ஒவ்வொரு முறையும் வேண்டுமென்றே மாற்றித் தருகிறது. பைத்தானில் இதே வேலையைச் செய்வது டிக்ஷனரி: 3.6 பதிப்பில் அதன் வரிசை மாறாமல் இருந்தது வெறும் செயலாக்க விவரம், 3.7-லிருந்துதான் மொழியின் உறுதிமொழி.

சி எழுதுபவர்கள் தயவுசெய்து யூபிசான் (வரையறுக்கப்படாத செயல்களை ஓடும்போதே கண்டுபிடிக்கும் கருவி) போட்டு ஒருமுறையாவது சோதியுங்கள். ஜிசிசி, கிளாங் இரண்டு கம்பைலர்களிலும் இருக்கிறது. அந்த நிரலை நாங்கள் திருத்தியதும் எளிதாகத்தான்: கூட்டிவிட்டுக் கேட்காமல், கூட்டும் முன்பே எக்ஸ் எல்லையில் நிற்கிறதா என்று கேட்டோம்.