எக்ஸ்எம்எல் கோப்பில் இடைவெளி எங்கே தொலைகிறது?

இடுக்கி, பாலக்காடு மாவட்டங்களின் எல்லையோர ஊர்களில் ஒரு அறிவிப்பு போட்டால் மலையாளத்திலும் தமிழிலும் போட வேண்டும். ஊர்ப்பெயர், நேரம், கட்டணம் ஆகியவற்றைத் தனித்தனியாகக் குறித்து வைத்துக்கொண்டால் இரண்டு மொழிக்கும் ஒரே மூலம் போதும் என்பதால், இப்படிப்பட்ட வேலைக்கு, தகவலின் ஒவ்வொரு பகுதியையும் டேக் எனும் கோணக்குறிப் பெயர்களுக்கு நடுவே எழுதும் எக்ஸ்எம்எல் கோப்பு வடிவம் நன்றாகப் பொருந்துகிறது. டேக் பெயர்களைத் தமிழிலேயே வைக்கவும் அதில் இடமுண்டு. குமுளிப் பேருந்து ஒன்றின் அறிவிப்பில் ஒரு வரி:

<வரி>பேருந்து <ஊர்>வண்டன்மேடு</ஊர்> <ஊர்>நெடுங்கண்டம்</ஊர்> வழியாகச் செல்லும்.</வரி>

நிரல் இதைப் படிக்கிறது, வேறெங்கோ ஒரு நேரத்தை மாற்றுகிறது, திரும்ப எழுதுகிறது. அச்சில் 'வண்டன்மேடுநெடுங்கண்டம்' என்று வருகிறது. இடைவெளியை அழிக்கச் சொல்லி யாரும் நிரல் எழுதவில்லை.

பழியைப் பலரும் எக்ஸ்எம்எல் மீதே போடுகிறார்கள். அது சரியல்ல. 1998 பிப்ரவரியில் இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு வெளியிட்ட எக்ஸ்எம்எல் 1.0 விதி தெளிவாகச் சொல்கிறது: டேக் அல்லாத எல்லா எழுத்தையும் பார்சர் (கோப்பைப் பிரித்துப் படிக்கும் கருவி) நிரலிடம் கொடுத்தாக வேண்டும். இடைவெளியும் அதில் அடக்கம். இங்கே இடைவெளி என்பது நான்கே எழுத்துகள்: ஸ்பேஸ் (யூனிகோட் எண் 32), டேப் (9), லைன் ஃபீட் (10), கேரேஜ் ரிட்டர்ன் (13). பார்சருக்கு மேலே உட்காரும் நூலகங்கள், அதாவது நிரல் எழுதுபவர்கள் எடுத்துப் பயன்படுத்தும் ஆயத்த நிரல் தொகுப்புகள்தான் 'வெறும் இடைவெளி யாருக்கு வேண்டும்' என்று எடுத்துக்கொண்டு அதைக் கழிக்கின்றன. கழிப்பது படிக்கும்போதும் நடக்கும். தேவையில்லாத இடத்தில் சேர்ப்பது எழுதும்போது நடக்கும். இரண்டையும் தனித்தனியாக அடைக்க வேண்டும்.

முதலில் படிக்கும் பக்கம். மைக்ரோசாஃப்டின் நிரலாக்கத் தளமான டாட்நெட்டின் எக்ஸ்எம்எல் டாக்குமென்ட்டில் பிரிசர்வ் வைட்ஸ்பேஸ் (இடைவெளியைக் காக்க) என்ற பண்பு இயல்பாக 'ஃபால்ஸ்', அதாவது அணைந்திருக்கும். அந்த நிலையில், இரண்டு டேக்குகளுக்கு நடுவே இடைவெளி மட்டும் இருந்தால் அது டாக்குமென்ட்டுக்குள் வராது. மேலே உள்ள வரியில் இரண்டு ஊர்களுக்கு நடுவே இருப்பது அதுவே. 'பேருந்து' என்ற சொல்லுக்குப் பின் உள்ள ஸ்பேஸ் தப்பிவிடும், ஏனென்றால் அது எழுத்தோடு ஒட்டியிருக்கிறது. பண்பை 'ட்ரூ' என்று மாற்றுவது லோட் செய்வதற்கு முன் நடக்க வேண்டும். லோட் ஆன பிறகு மாற்றினால் போனது போனதுதான். டாட்நெட்டிலேயே எக்ஸ்டாக்குமென்ட் பயன்படுத்துபவர்கள் லோட் ஆப்ஷன்களில் பிரிசர்வ் வைட்ஸ்பேஸ், சேவ் ஆப்ஷன்களில் டிசேபிள் ஃபார்மேட்டிங் என்று இரண்டையும் கொடுக்க வேண்டும். ஒன்றைக் கொடுத்து மற்றதை விடுவது அடிக்கடி காணும் தவறு.

எழுதும் பக்கத்தில் வில்லன் 'அழகாக்கல்', அதாவது படிக்க வசதியாக டேக்குகளை வரி பிரித்து உள்தள்ளும் ப்ரெட்டி பிரின்ட். தமிழுக்கு இது கூடுதல் ஆபத்து, ஏனென்றால் வேற்றுமை உருபு சொல்லோடு ஒட்டி நிற்கும் மொழி இது.

<வரி><ஊர்>குமுளி</ஊர்><உருபு>க்கு</உருபு></வரி>

அழகாக்கினால் ஒவ்வொரு டேக்கும் தனி வரிக்குப் போய், காட்டும்போது 'குமுளி க்கு' என்று உடையும். லிப்எக்ஸ்எம்எல்2 என்ற நூலகம் கொஞ்சம் கவனமானது: ஓர் உறுப்பின் (திறக்கும் டேக் முதல் மூடும் டேக் வரை) நேரடிக் குழந்தைகளில் ஒரு டெக்ஸ்ட் நோடாவது (எழுத்துத் துண்டு) இருந்தால் அந்த உறுப்புக்குள் வரி பிரிக்காது. ஆனால் இந்த எடுத்துக்காட்டில் வரிக்குள் நேரடி எழுத்து எதுவும் இல்லை, டேக்குகள் மட்டுமே. அதனால் அங்கும் உடையும். பைத்தானில், லிப்எக்ஸ்எம்எல்2 மீது அமைந்த எல்எக்ஸ்எம்எல் கொண்டு அழகாக்கச் சொல்லியும் ஒன்றும் நடக்கவில்லை என்று குழம்புபவர்களுக்கும் காரணம் இதுவே: கோப்பில் ஏற்கெனவே இருக்கும் வரிமுறிவுகளே டெக்ஸ்ட் நோடுகள்.

பைத்தானின் இன்னொரு நூலகமான மினிடாமின் டு ப்ரெட்டி எக்ஸ்எம்எல் அந்தப் பழைய வரிமுறிவுகளோடு புதியதையும் சேர்க்கும். படித்து எழுதி, படித்து எழுதி வந்தால் வெற்று வரிகள் பெருகிக்கொண்டே போகும். ஜாவா 9 முதல் அங்கும் இன்டென்ட் (உள்தள்ளல்) போட்டால் இதே தொல்லை.

எழுத்தும் டேக்கும் கலந்த கோப்பை அழகாக்கவே கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து. அமைப்புக் கோப்புகளுக்கு, அதாவது எழுத்து உள்ளே வேறு டேக் இல்லாத உறுப்பில் மட்டுமே இருந்து, அடுத்த உறுப்பின் எழுத்தோடு சேர்த்துப் படிக்கப்படாத கோப்புகளுக்கு, அழகாக்கல் நல்லது.

பைத்தானின் எலிமென்ட் ட்ரீ நூலகத்தில் இன்னொரு பள்ளம் இருக்கிறது. அங்கே டெக்ஸ்ட் நோடு என்று தனியாக ஒன்று கிடையாது. உறுப்பின் உள்ளே முதலில் வரும் எழுத்து 'டெக்ஸ்ட்'. உறுப்பு மூடிய பின் வரும் எழுத்து அதே உறுப்பின் 'டெயில்'. நம் முதல் வரியில் ' வழியாகச் செல்லும்.' என்பது நெடுங்கண்டத்தின் டெயில். அந்த ஊரை ரிமூவ் செய்தால் டெயிலும் கூடவே போய், 'பேருந்து வண்டன்மேடு' என்று வாக்கியம் அறுந்து நிற்கும். நீக்குவதற்கு முன் டெயிலை எடுத்து முந்தைய உறுப்பின் டெயிலோடு ஒட்டுங்கள். முந்தைய உறுப்பு இல்லையென்றால் தாய் உறுப்பின் டெக்ஸ்டோடு ஒட்டுங்கள். இரண்டில் எதுவும் 'நன்' (மதிப்பே இல்லை) ஆக இருக்கலாம் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

விதியே மாற்றிவிடும் இடங்களும் உண்டு. விண்டோஸ் கோப்பின் 13, 10 என்ற இரட்டை வரிமுறிவைப் பார்சர் 10 என்ற ஒற்றையாக்கித்தான் தரும். பண்புக்கூறின் (திறக்கும் டேக்குக்குள்ளேயே பெயரும் மதிப்புமாக எழுதப்படுவது) மதிப்புக்குள் வரும் டேப்பும் வரிமுறிவும் வெறும் ஸ்பேஸாகிவிடும். அவை நிலைக்க வேண்டுமென்றால் எண்ணாக எழுத வேண்டும்: &#9; &#10; &#13; என்று. முகவரியைப் பண்புக்கூறில் வைத்து வரி பிரிப்பவர்கள் இதில்தான் சிக்குகிறார்கள். முகவரியைத் தனி உறுப்பாக வைப்பதே மேல்.

எக்ஸ்எம்எல்:ஸ்பேஸ் என்ற பண்புக்கூறுக்கு 'பிரிசர்வ்' என்று மதிப்புக் கொடுத்தால் அந்த உறுப்பிலும் அதன் உள்ளே உள்ள எல்லாவற்றிலும் இடைவெளியைக் காக்கச் சொல்வதாகப் பொருள். தமிழ்வழிப் பள்ளியின் வினாத்தாளில் செய்யுள் வரிகளை உள்தள்ளி வைப்பதற்கு இது சரியான கருவி. வேர்ட் கோப்பின் உள்ளேயும், சொல்லின் முன்னோ பின்னோ ஸ்பேஸ் இருந்தால் இதே பண்புக்கூறு வேண்டும். ஆனால் இது நிரலுக்குச் சொல்லும் குறிப்பு மட்டுமே. மதிக்காத நூலகத்திடம் பலிக்காது.

நான்கு எழுத்துகளில் சேராதவையும் கண்ணுக்கு இடைவெளியாகவே தெரியும். வரி முறியும்போது இரண்டு சொற்களைப் பிரியவிடாத பிரியா இடைவெளி (160) எக்ஸ்எம்எல்லுக்கு இடைவெளி அல்ல. ஆனால் பைத்தானின் ஸ்ட்ரிப் அதையும் விளிம்பிலிருந்து வெட்டிவிடும். ஜாவாவின் ட்ரிம் வெட்டாது. ஆகவே ஸ்ட்ரிப் போடும்போது எந்த எழுத்துகள் என்று வெளிப்படையாகக் கொடுங்கள்.

டிஜிட்டல் கையெழுத்திட்ட கோப்பில் இது உயிர்ப்பிரச்சினை. ஆதாரின் ஆஃப்லைன் இ-கேஒய்சி (அடையாளத்தை உறுதிசெய்யக் கொடுக்கும் கோப்பு) அப்படிப்பட்ட எக்ஸ்எம்எல்தான். கையெழுத்தைச் சரிபார்க்குமுன் கோப்பு கேனோனிக்கல் வடிவுக்கு, அதாவது ஒரே சீரான எழுத்து வடிவுக்கு, மாற்றப்படும். அது பண்புக்கூறுகளின் வரிசையையும் மேற்கோள் குறியையும் சீராக்கும்; மற்றெல்லா உறுப்புகளையும் உள்ளடக்கும் மூல உறுப்புக்குள் இருக்கும் இடைவெளியைத் தொடாது. படிக்க வசதியாக இருக்கட்டுமே என்று எடிட்டரில் வரி பிரித்துச் சேமித்தால் சரிபார்ப்பு தோற்கும்.

சோதிப்பது எளிது. அடுத்தடுத்த இரண்டு டேக்குகள் நடுவே ஒரு ஸ்பேஸ், வரிக் கடைசியில் இரண்டு ஸ்பேஸ், பண்புக்கூறில் &#10;, எழுத்தில் &#13;, ஒரு பிரியா இடைவெளி ஆகியவற்றோடு சிறு கோப்பு ஒன்று தயாரியுங்கள். படித்து, எதையும் மாற்றாமல் எழுதுங்கள். பைத்தான் 3.8 முதல் எலிமென்ட் ட்ரீயில் கேனோனிக்கல் வடிவுக்கு மாற்றும் கேனோனிகலைஸ் இருக்கிறது; பழைய கோப்பையும் புதிய கோப்பையும் அதில் கொடுத்து விடைகளை ஒப்பிடுங்கள். ஒத்துவந்தால், வரிக் கடைசி ஸ்பேஸைத் தானாக அழிக்கும் எடிட்டர் அமைப்பை எக்ஸ்எம்எல் கோப்புகளுக்கு மட்டும் அணைத்துவிடுங்கள்.