சாப்பாட்டு மேசையின் நடுவே எந்தப் பூவை வைக்கலாம்?

கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் திருமண வரவேற்புகளுக்கும் சாமத்திய வீடுகளுக்கும் மேசை அலங்காரம் செய்து வருபவள் என்ற முறையில், பழம், மரக்கறி, பூக்களைக் கொண்டு தாமே மேசையை அழகுபடுத்த விரும்புவோரிடம் ஒன்றை வலியுறுத்துகிறேன்: அம்மேசையில் வைக்கும் எதுவும் ஒரு குழந்தையின் வாய்க்குப் போகக்கூடும் என்று எண்ணியே தெரிவுசெய்யுங்கள்.

வேலியோரத்தில் தாராளமாகக் கிடைப்பதால் பலரும் முதலில் பறிப்பது அலரியைத்தான். செவ்வலரி, மஞ்சள் அலரி ஆகிய இரண்டிலும் பூ, இலை, பால், விதை என எல்லாப் பகுதிகளிலும் இதயத் துடிப்பைக் குழப்பும் நஞ்சு உண்டு. அலரிக் கொப்பு வெட்டிய கத்தியால் பப்பாசிப்பழம் வெட்டுவதும் தவறு. மாரிமழையோடு வன்னிப் பற்றைகளில் பூக்கும் கார்த்திகைப்பூவின் கொல்கிசின் நஞ்சு கிழங்கில் மிகுந்திருந்தாலும், அச்செடியின் எப்பகுதியும் பாதுகாப்பானதன்று. அதன் அழகுக்கு நிகரில்லை என்பது உண்மையே. ஆயினும் அதன் இடம் கை எட்டாத உயரமே தவிர, சோற்றுத் தட்டின் அருகல்ல. பட்டிப்பூவையும் ஊமத்தையையும் தவிர்த்துவிடுங்கள். கத்தரிக்காயில் செதுக்கும் பறவைக்குக் கண்ணாகக் குண்டுமணி பதிப்பதையும் கைவிட வேண்டும். ஒரு விதையைக் கடித்து மென்றாலே குழந்தையின் உயிருக்கு ஆபத்து நேரலாம். கறுப்பு மிளகு அந்த இடத்தை நன்றாகவே நிரப்பும்.

குளத்துத் தாமரையை நான் பெரிதும் விரும்புகிறேன். பறித்த மொட்டு தானாக விரிவது அரிது என்பதால், வெளியிதழ்களை ஒவ்வொன்றாக உட்புறம் மடித்துவிட வேண்டும். செவ்வரத்தை அன்றே வாடிவிடும். பகல் விருந்துக்கு மட்டும் ஏற்றது.

காம்புகளைக் குத்தி நிறுத்தக் கடையில் விற்கும் பச்சை நிறக் கட்டி பினோல் பார்மல்டிகைட்டுப் பிசினால் ஆனது; அதன் தூள் பழத்தில் ஒட்டக்கூடாது. குலை வெட்டிய வாழையின் குற்றியை நான்கு விரல் உயரத்துக்கு அறுத்து, வெட்டுமுகத்தைக் கழுவி, கயர் வடியும்வரை கவிழ்த்து வைத்து, பின்னர் தட்டில் நிறுத்தினால், அதன் ஈரமே பூக்களை விருந்து முடியும்வரை வாடாமல் வைத்திருக்கும். கயர் மேசைத்துணியில் பட்டால் கறை போகாது.

மண்டபத்தின் வெப்பம் 32 பாகை செல்சியசைத் தாண்டும்போது, வெட்டிய பழத்தை ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வெளியில் வைத்து உண்ணக்கூடாது. ஆகவே செதுக்கிய வத்தகப்பழம் பார்வைக்கு மட்டுமே. பரிமாறுவதற்கு வேறொன்றைக் குளிரூட்டியில் வையுங்கள். மரக்கறித் துண்டுகளை இணைக்கும் ஈர்க்குகளின் நுனி வெளியே தெரியும்படி விடுங்கள், உள்ளே புதைந்தது தொண்டையைக் கிழிக்கும்.

நச்சுப்பூவையோ விதையையோ குழந்தை மென்றது தெரிந்தால், அறிகுறிகளுக்காகக் காத்திராமலும் வாந்தியெடுக்க வைக்காமலும், அச்செடியின் துண்டொன்றையும் எடுத்துக்கொண்டு உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.