மார்டினியைக் கலக்குவதா, துழாவுவதா?

ஜேம்ஸ் பாண்ட் படத்தைத் தமிழ் வசனவரியோடு பார்க்க உட்கார்ந்தால் இது தப்பாமல் வந்துவிடுகிறது: “குலுக்கியது, கலக்கியது அல்ல.” டப்பிங்கில் கொஞ்சம் பேச்சுநடை சேர்த்து, “நல்லா குலுக்கணும், ஆனா கலக்கக் கூடாது” என்பார்கள். மார்டினி என்ற மதுக்கலவையை எப்படிச் செய்து தர வேண்டும் என்று பாண்ட் சொல்லும் ‘ஷேக்கன், நாட் ஸ்டிர்டு’ என்ற மூன்று சொல்லுக்குத்தான் இவ்வளவு பாடு. முதல் சொல்லுக்குக் ‘குலுக்கு’ என்று போட்டதில் குறையே இல்லை. மூன்றாவதற்குக் ‘கலக்கு’ என்று போடுகிறார்களே, அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. ஏதோ சின்னப் பொருள்வேறுபாடு என்றால் விட்டுவிடலாம். இது அந்த ஆள் கேட்டதைத் தலைகீழாக்குகிற வேலை.

‘ஸ்டிர்’ பழைய ஆங்கிலத்திலேயே இருக்கும் சொல். அசை, நகர்த்து என்பது அடிப்பொருள். ‘ஷேக்’கும் அதே வயசுதான். சொற்பிறப்பு இதற்கு மேல் நமக்கு உதவாது, புழக்கம்தான் உதவும். சமையலறையிலும் மதுக்கூடத்திலும் ‘ஸ்டிர்’ என்றால் பாத்திரம் வைத்த இடத்தில் இருக்கும், கரண்டி உள்ளே போய் வட்டமாகச் சுற்றிவரும். ‘ஷேக்’ என்றால் பாத்திரத்தையே மூடித் தூக்கி ஆட்டுவது. எது அசைகிறது என்பதில்தான் வேறுபாடு. கலப்பது இரண்டிலும் நடக்கிறது.

மார்டினியில் போய் எதைக் கலக்கிறார்கள்? ஜின்னும் டிரை வெர்மூத்தும், அவ்வளவுதான். வெர்மூத் என்பது மூலிகை ஊறவைத்து, கொஞ்சம் சாராயம் கூட்டிய வைன். சர்வதேச பார்டெண்டர்கள் சங்கம் இன்று தரும் அளவு 60 மி.லி. ஜின்னுக்கு 10 மி.லி. வெர்மூத். மேலே எலுமிச்சைத் தோலைப் பிழிந்து அதன் எண்ணெயைத் தெளிக்கலாம், கேட்டால் ஆலிவ் காய் போடலாம். பழச்சாறு இல்லை, பால் இல்லை, முட்டை இல்லை. இவ்வளவு எளிமையான பானத்துக்கு இவ்வளவு பெரிய சண்டை இருக்கிறதென்றால், அது செய்முறையைப் பற்றிய சண்டையாகத்தானே இருக்க முடியும்?

துழாவுகிறவர் கையைப் பாருங்கள். கனமான கண்ணாடிக் குவளை நிறைய ஐஸ். நீண்ட, முறுக்குக் காம்புள்ள கரண்டி. கரண்டியின் முதுகு குவளையின் உட்சுவரை ஒட்டியபடியே வழுக்கிக்கொண்டு போகும். உள்ளே இருக்கும் ஐஸ் எல்லாம் ஒரே கட்டிபோலச் சேர்ந்து சுற்றும். கை தேர்ந்தவரிடம் ஐஸ் மோதும் சத்தமே கேட்காது. அரை நிமிஷமோ கொஞ்சம் கூடவோ. வடித்து ஊற்றினால் கண்ணாடியில் இருப்பது சுனைத்தண்ணீர்போலத் தெரியும். குலுக்குகிறவர் கதை வேறு. உலோகக் குடுவைக்குள் ஐஸ் அடிபட்டு உடையும், காற்று புகுந்து பொடிக்குமிழிகள் ஆயிரம் உண்டாகும், பத்துப் பதினைந்து வினாடியில் குடுவையின் வெளிப்பக்கம் வெண்ணிறமாய்ப் பூத்து விரல் ஒட்டிக்கொள்ளும். ஊற்றியதும் பானம் புகைமூட்டம்போல மங்கி இருக்கும், மேலே ஐஸ் துணுக்குகள் மிதக்கும். இரண்டு வழியிலும் பூஜ்யத்துக்குக் கீழே குளிரும், இரண்டு வழியிலும் கரைந்த ஐஸ் தண்ணீர் சேரும். ஒன்று தெளிவு, மற்றது கலங்கல். பார்டெண்டர்கள் ஒரு பொதுவிதி வைத்திருக்கிறார்கள்: மது மட்டும் சேர்ந்த பானம் என்றால் கரண்டி, சாறோ முட்டையோ பாலேடோ சேர்ந்தால் குடுவை.

இப்போது ‘கலக்கு’ என்ற சொல்லுக்கு வருவோம். கலங்கு, கலக்கு. அடங்கு, அடக்கு. இறங்கு, இறக்கு. இந்த வரிசையைப் பார்த்தாலே தெரியும், ‘கலக்கு’ என்பது ‘கலங்கு’ என்பதன் பிறவினை. கலங்கச் செய் என்பது பொருள். குட்டையைக் கலக்கி மீன் பிடிப்பது, வயிற்றைக் கலக்குவது, மனக்கலக்கம், கண் கலங்குவது எல்லாம் இந்தக் குடும்பம். தெளிவாய் இருந்த ஒன்றின் தெளிவைக் கெடுப்பதுதான் இதற்குள் இருக்கும் சேதி. ஆக, மார்டினியைக் கலக்குகிறவன் யார்? குலுக்குகிறவன்! துழாவுகிறவன் கலங்கவிடாமல் பார்த்துக்கொள்கிறான். “குலுக்கணும், கலக்கக் கூடாது” என்று தமிழில் கேட்டால் அந்த பார்டெண்டர் என்ன செய்வார், பாவம்? குலுக்கினால் கலங்கத்தான் செய்யும்.

தெளிந்த மதுவுக்கும் கலங்கிய மதுவுக்கும் வேறுபாடு தெரியாத மொழியா நம்முடையது? தெளியவைத்த கள்ளுக்குத் ‘தேறல்’ என்று தனிப்பெயரே வைத்திருந்தவர்கள் நாம். அதையெல்லாம் பழம்பாட்டுகளில் படித்துவிட்டு, வசனவரி எழுதும்போது மறந்துவிடுகிறோம்.

வம்பு இதோடு முடியவில்லை. ‘கல’ என்ற வினையும் எதிர்மறையில் ‘கலக்காமல்’ என்றுதான் ஆகும். ‘கலக்கு’ என்ற வினையும் ‘கலக்காமல்’ என்றுதான் ஆகும். மதுவைப் பற்றிப் பேசும்போது ‘கலக்காமல்’ என்று காதில் விழுந்தால் நம்மூர்க்காரருக்கு என்ன தோன்றும்? தண்ணி கலக்காமல், சோடா கலக்காமல். அதாவது ராவாக. பிரிட்டிஷ் உளவாளி கோட்டு சூட்டோடு வந்து, “குலுக்கிக் கொடு, எதுவும் கலக்காம ராவா கொடு” என்று கேட்கிற மாதிரி ஆகிவிடுகிறது. தியேட்டரில் ஒரு சிரிப்பலை எழுந்தால் பாண்டின் மிடுக்குக்காக என்று நினைத்துவிட வேண்டாம்.

“அட, ஹார்லிக்ஸ் கலக்கிக் கொடு என்று சொல்கிறோமே, அங்கே யாரும் கலங்கலை நினைப்பதில்லையே” என்பார்கள். நியாயம்தான். அன்றாட வழக்கில் ‘கலக்கு’ என்றால் எப்படியாவது ஒன்றோடொன்று சேரச் செய் என்று விரிந்துவிட்டது. கரண்டியால் கலக்கலாம், குலுக்கிக் கலக்கலாம், தம்ளர் மாற்றி ஆற்றிக் கலக்கலாம். அந்த விரிவை நான் மறுக்கவில்லை. அப்படி எல்லாவற்றையும் தனக்குள் அடக்கிக்கொண்ட சொல்லை, ‘குலுக்கு’ என்பதற்கு எதிரே எப்படி நிறுத்துவது என்றுதான் கேட்கிறேன். “ரயிலில் போகணும், பயணம் செய்யக் கூடாது” என்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

சரி, என்ன சொல் போடலாம்? துழாவு.

புதிதாய் உருக்கி வார்த்த சொல் இல்லை இது. கூழ் காய்ச்சுகிறவர்கள் வீட்டில் இன்றும் இருக்கிறது. அடுப்பில் பாத்திரம் அசையாது, துடுப்பு உள்ளே போய்ச் சுற்றிச் சுற்றி வரும். பழைய வடிவம் ‘துழவு’, அதற்கும் முன்னால் ‘துழ’. குறுந்தொகையின் 167ஆம் பாட்டில், புதிதாய்க் குடித்தனம் தொடங்கிய பெண் “தான் துழந்து அட்ட தீம்புளிப் பாகர்” என்று புளிப்பான குழம்பு ஒன்று வருகிறது. அவள் கரண்டியால் துழாவிச் சமைத்தது. பாத்திரம் நிற்கிறது, கருவி சுற்றுகிறது. ‘ஸ்டிர்’ என்பதன் நெஞ்சு இதுதான். இரண்டாயிரம் ஆண்டுக்கு அருகில் வயசான சொல் அடுப்பங்கரையில் சும்மா கிடக்க, நாம் ‘கலக்கு, கலக்கு’ என்று கலக்கிக்கொண்டிருக்கிறோம்.

இதைச் சொன்னால் மாற்றுக் கட்சிகள் கிளம்பும். ‘கிளறு’ என்பார் ஒருவர். கிளறுவது அடியில் இருப்பதை மேலே கொண்டுவருவது. கோழி குப்பையைக் கிளறும், புளியோதரையைக் கிளறுவோம், பழைய பகையைக் கிளறுவோம். ஜின்னில் கிளற என்ன இருக்கிறது? ‘கிண்டு’ என்றால் அது உப்புமா, அல்வா, களி. கைக்கு எதிர்ப்புத் தரும் கெட்டிப் பொருள் வேண்டும். ‘கடை’ என்றால் மத்து வந்துவிடும். ‘அளாவு’ அழகான சொல், ஆனால் குழந்தையின் கை அதற்குள் இருக்கிறது. திருவள்ளுவர் அதைக் கூழுக்குக் கொடுத்துவிட்டார், இருக்கட்டும். கொஞ்சம் யோசித்துப் பேசுகிறவர்கள் சொல்வது ‘சுழற்று’. ஐஸ் சுழல்கிறதே என்பது அவர்கள் வாதம். ஆனால் சிலம்பத்தைச் சுழற்றுகிறோம், சாட்டையைச் சுழற்றுகிறோம். கையில் பிடித்திருப்பதே சுழலும். ‘மார்டினியைச் சுழற்றி’ என்றால் கிண்ணத்தையே கையில் பிடித்துச் சுழற்றுவதாகத்தான் படும். வைன் ருசி பார்ப்பவர்கள் செய்வது அது. அந்தச் சொல்லை அவர்களுக்கே விட்டுவிடுவோம்.

‘துழாவு’ மீது ஒரே ஒரு உருப்படியான மறுப்பு உண்டு. இருட்டில் கையால் துழாவினான், பைக்குள் சாவியைத் துழாவினான் என்கிறோமே, தேடுகிற பொருள் வந்துவிடாதா என்பது. வராது. கண்ணுக்கு மறைவாய் உள்ளே ஒன்று சுற்றிவருவதுதான் இரண்டுக்கும் பொது. எதைத் துழாவுகிறோம் என்பது பக்கத்திலேயே நிற்கும்போது குழப்பம் எங்கிருந்து வரும்? ‘குலுக்கு’ என்றதும் பரிசுச்சீட்டுக் குலுக்கல் நினைவுக்கு வருகிறது என்பதற்காக அதை விலக்கினோமா?

குலுக்கும் பழக்கத்தைப் பாண்ட்தான் ஆரம்பித்துவைத்தார் என்று பலர் எழுதுகிறார்கள். அதுவும் சரியில்லை. லண்டன் சவாய் ஹோட்டலின் காக்டெயில் புத்தகம் 1930இல் வந்தது. அதில் டிரை மார்டினிக்கு இரண்டு பங்கு ஜின், ஒரு பங்கு பிரெஞ்சு வெர்மூத், ‘நன்றாகக் குலுக்கி வடிக்கவும்’ என்றுதான் இருக்கிறது. 1948இல் டேவிட் எம்பரி என்ற அமெரிக்கர், குலுக்கினால் அதற்கு மார்டினி என்ற பெயரே கிடையாது, ‘பிராட்ஃபோர்டு’ என்றாகிவிடும் என்று எழுதினார். பெயரையே பறிக்கும் அளவுக்குக் கோபம். இயன் ஃபிளெமிங்கின் முதல் பாண்ட் நாவல் வந்தது அதற்கும் பிறகு, 1953இல். அதில் பாண்ட் கேட்பது ஜின் மூன்று பங்கு, வோட்கா ஒரு பங்கு, கீனா லில்லே என்ற, வெர்மூத் போன்ற பிரெஞ்சு மது அரைப் பங்கு. ஐஸாய்க் குளிரும்வரை நன்றாகக் குலுக்கச் சொல்கிறார். திரையில் அந்த வசனத்தை முதலில் சொன்னது, 1962இல், வில்லன். பாண்டே வாய் திறந்து சொன்னது 1964இல். என் கட்சி எது என்று கேட்டால் கரண்டிக் கட்சி: கலங்கிய ஜின்னைக் கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றுவானேன்? ஆனால் குலுக்குகிறவர்கள் பக்கம் விஞ்ஞானமும் கொஞ்சம் உண்டு. 1999இல் கனடாவின் மேற்கு ஒன்ராறியோ பல்கலைக்கழகத்தார் குலுக்கிய மார்டினியையும் துழாவிய மார்டினியையும் சோதித்து, உடம்பின் செல்களைக் கெடுக்கக்கூடிய ஹைட்ரஜன் பெராக்சைடை முறிப்பதில் குலுக்கியதே மேல் என்று பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார்கள், பாதி விளையாட்டாக.

1967இல் வந்த ‘யூ ஒன்லி லிவ் ட்வைஸ்’ என்ற பாண்ட் படத்தில் வேடிக்கை ஒன்று இருக்கிறது. விருந்தளிப்பவர் வசனத்தை மாற்றிப்போட்டு, “துழாவியது, குலுக்காதது, சரிதானே?” என்று நீட்டுகிறார். பாண்ட் முகம் சுளிக்காமல் “பிரமாதம்” என்று வாங்கிக்கொள்கிறார். ரசிகருக்கு அங்கே சிரிப்பு. ‘கலக்கு’ என்று மொழிபெயர்த்து வைத்தால் இந்தச் சிரிப்பும் போச்சு. எது மாறியது என்பதே பிடிபடாது.

சொல்லை மாற்றினால் போதாது, வரிசையையும் மாற்ற வேண்டும். ஆங்கிலம் வேண்டியதை முன்னே வைத்து வேண்டாததைப் பின்னே தள்ளுகிறது. தமிழில் விலக்குவதை முதலில் சொல்லிவிட்டு வேண்டியதில் முடிப்பதுதான் இயல்பு. “துழாவாம, குலுக்கி.” இரண்டே சொல். உதட்டசைவுக்கும் சிக்கலில்லை. “குலுக்கியது, கலக்கியது அல்ல” என்று எந்தத் தமிழன் எந்தக் கடையில் கேட்டிருக்கிறான்? அகராதியைத் திறந்து முதலில் கண்ணில் பட்ட பொருளை எடுத்து, ஆங்கில வாக்கியத்தின் மேலேயே ஒட்டிவிட்டு, அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். வரிக்கு இத்தனை காசு என்று வேலை வாங்கினால் இப்படித்தான் இருக்கும் என்பதும் எனக்குத் தெரியும்.

‘டிரை மார்டினி’யை ‘உலர் மார்டினி’ என்று எழுதுவதும் அந்தப் பட்டறையில் செய்ததுதான். உலர்திராட்சை உண்டு, உலர்ந்த துணி உண்டு. கிண்ணம் நிறைய ததும்பும் திரவம் எப்படி உலர்ந்திருக்கும்? வைன் உலகில் டிரை என்றால் இனிப்பு இல்லாதது. பிரெஞ்சு வெர்மூத் அப்படி, இத்தாலிய வெர்மூத் பெரும்பாலும் இனிப்பு. பெயர் அங்கிருந்து வந்தது. பிறகு மார்டினிக்காரர்கள் அதையும் மாற்றி, வெர்மூத் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு டிரை என்று ஆக்கிவிட்டார்கள். எனவே வைனுக்கு ‘இனிப்பில்லாத’ என்றும், மார்டினிக்கு ‘வெர்மூத் குறைத்து’ என்றும் இடம் பார்த்து எழுதலாம். மனம் வரவில்லையா, ‘டிரை’ என்றே விட்டுவிடுங்கள். தூய தமிழ் எனக்குப் பிடிக்கும்தான். ஆனாலும் பொருள் தராத தமிழைவிடப் பொருள் தரும் கடன்சொல் எனக்கு மேல்.

‘டர்ட்டி மார்டினி’ இன்னும் பாக்கி இருக்கிறது. ‘அழுக்கு மார்டினி’ என்று எழுதியதைப் பார்த்துவிட்டேன், குடிக்கிற பொருளுக்கு! ஆலிவ் ஊறிய உப்புத்தண்ணீரை ஒரு கரண்டி சேர்ப்பார்கள், பானம் மங்கிப் பச்சை படர்ந்துவிடும். அழுக்கு எதுவும் இல்லை அதில். கலங்கல் மார்டினி என்று எழுதுங்கள்.