நான்காவது தீர்மானம்

பெரியவர் ஒருவர் மஞ்சப்பையிலிருந்து நகல் ஒன்றை எடுத்து என் மேசையில் வைத்தார். அவர் ஊர் கிராம சபைத் தீர்மானம். தெருவிளக்கு, குடிநீர், நூறு நாள் வேலை என்று மூன்று தீர்மானங்கள் பெரிய எழுத்தில், இடம்விட்டு எழுதப்பட்டிருந்தன. நான்காவது மட்டும் பொடி எழுத்தில், கையெழுத்துகளின் தலையில் இடிக்கிற மாதிரி நெருக்கி: மேய்க்கால் புறம்போக்கை ஆலைக்குக் கொடுக்க ஊர் சம்மதிக்கிறதாம். “இதை யாரும் வாசிக்கவே இல்லைங்க” என்றார். அவர் கையெழுத்தும் அதில் இருந்தது.

நில வழக்குகளில் நான் பார்த்தவரை, ஊழலுக்குப் பிடிக்காதது கூட்டம்தான். திட்டம் வரப்போவது முன்கூட்டியே தெரிந்தவர் அடிமாட்டு விலைக்கு வாங்கிப் போடுவார், பவர் பத்திரம் நாலு கை மாறும். வில்லங்கச் சான்றை வைத்துக்கொண்டு நான் வாரக்கணக்கில் தேடுவதை, ஊர்க்கூட்டத்தில் சர்வே எண்ணை வாசித்தால் ஒரு பாட்டி அரை நிமிடத்தில் சொல்லிவிடுவார்: “அது போன மாசம் தரகர் வாங்குன இடமாச்சே!”

2013 நிலமெடுப்புச் சட்டப்படி, தனியார் நிறுவனத்துக்காக அரசு நிலம் எடுத்தால் பாதிக்கப்படும் குடும்பங்களில் 80 சதவீதத்தின் ஒப்புதல் வேண்டும். அரசு–தனியார் கூட்டுத் திட்டம் என்றால் 70. இந்தக் கணக்கில் குத்தகைதாரரும் விவசாயக் கூலியும் வரமாட்டார்கள். தமிழ்நாட்டில் இன்னொரு வழியும் உண்டு. 1997இன் தொழில் நோக்க நிலமெடுப்புச் சட்டத்தில் எடுத்தால் இந்த ஒப்புதலே தேவையில்லை. அந்த விலக்கை 2021இல் உச்ச நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது.

ஒடிசாவின் நியமகிரியில் கதை வேறு. அங்குள்ள மலையில் பாக்சைட் என்ற அலுமினியத் தாதுவுக்கான சுரங்கம் பற்றி கிராம சபைகளே பேசட்டும் என்று 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்னது. மாவட்ட நீதிபதி நிலையிலுள்ள ஒருவர் பார்வையாளராக இருக்க வேண்டும் என்றும் சேர்த்துச் சொன்னது. என்னைக் கேட்டால் உயிரே அதில்தான். பார்வையாளர் முன்னால், கையெழுத்து வாங்கியபின் மிச்சப் பக்கத்தை நிரப்ப முடியுமா? பன்னிரண்டு ஊர்களும் வேண்டாம் என்றன. 2014 ஜனவரியில் மத்திய அரசும் அனுமதி மறுத்தது.

நம் ஊர்க்கூட்டங்களுக்கு நீதிபதி வரமாட்டார், சரி. பெரியவரிடம் நான் சொன்னது இதுதான்: தீர்மானங்களை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள், கடைசி வரிக்குக் கீழே குறுக்கே கோடு போடுங்கள், அப்புறம் கையெழுத்து, கலைவதற்குள் பக்கத்தை போனில் படம் எடுத்துவிடுங்கள். மே 1 கூட்டத்தில் அப்படியே செய்தார்களாம். செயலர் முகம் சுளித்தாராம். அந்தப் பழைய நான்காவது தீர்மானத்தை எதிர்த்து கலெக்டருக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறோம்.