வயர் அறுந்தால் உங்கள் மெஷினுக்குத் தெரியுமா?

சென்ற மாதம் ஒருவர் தன் சிஎன்சி ரவுட்டரை, அதாவது கணினி சொல்படி மரம் செதுக்கும் மெஷினை, பார்க்கக் கூப்பிட்டார். பணி ஓய்வுக்குப் பிறகு மாடி அறையில் அவரே பார்த்துப் பார்த்துக் கட்டிய மெஷின். காலையில் ஹோம் கொடுத்திருக்கிறார், அதாவது அச்சுகளைத் தொடக்க எல்லைக்குப் போய் நிற்கச் சொல்லியிருக்கிறார். வெட்டும் மோட்டாரான ஸ்பிண்டிலைத் தாங்கி நகரும் கேன்ட்ரி போய் ஃபிரேமில் முட்டிய பிறகும் மோட்டார் நிற்காமல் உறுமியிருக்கிறது. ஒய் அச்சில் மோட்டாரையும் தண்டையும் இணைக்கும் கப்ளிங் பிளந்துவிட்டது. "சார், ஹால் சென்சார் போயிடுச்சு போல" என்றார். காந்தம் நெருங்கினால் எல்லை வந்துவிட்டது என்று சொல்லும் சென்சார் அது. நான் ஒரு காந்தத்தை அருகில் கொண்டுபோனேன். சென்சாரின் பின்னாலிருந்த சிறு விளக்கு எரிந்தது. சென்சார் நன்றாகத்தான் இருந்தது. வயர்களைச் சுமந்து மெஷினோடு நகரும் டிராக் செயினுக்குள் மடங்கி நிமிர்ந்து, மடங்கி நிமிர்ந்து, கறுப்பு வயரின் செம்பு மட்டும் அறுந்திருந்தது. மேலுறையைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது.

வீட்டில் மெஷின் கட்டுபவர்கள் பெரும்பாலும் வாங்குவது மூன்று வயர் கொண்ட என்பிஎன், நார்மலி ஓப்பன் (சாதாரணமாகத் திறந்திருக்கும்) வகை. பழுப்பு பிளஸ், நீலம் மைனஸ், கறுப்பு சிக்னல். காந்தம் எதிரே வந்தால்தான் சென்சார் கறுப்பு வயரை மைனஸோடு சேர்க்கும். மற்ற நேரமெல்லாம் கன்ட்ரோலரின் புல்-அப் ரெசிஸ்டர் அந்தப் பின்னை 5 வோல்ட்டில் பிடித்து வைத்திருக்கும். வயர் அறுந்தாலும் அதே 5 வோல்ட்தான். எல்லை இன்னும் வரவில்லை என்பதற்கும், சொல்ல ஆளே இல்லை என்பதற்கும் கன்ட்ரோலருக்கு வித்தியாசம் தெரியாது. தொட்டால் அமுங்கும் மைக்ரோ சுவிட்சை நார்மலி குளோஸ்டாக (சாதாரணமாக மூடியிருக்கும்படி) இணைத்திருந்தால் அறுந்த கணமே அலாரம் வந்துவிடும். மரத்தூளுக்கும் தேய்மானத்துக்கும் பயந்து காந்தத்துக்கு மாறும்போது அந்தப் பாதுகாப்பை நம்மை அறியாமலே கைவிடுகிறோம். இது என்னை மிகவும் உறுத்துகிறது.

கைவிடத் தேவையில்லை. நார்மலி குளோஸ்டு ஹால் சென்சாரைக் கேட்டு வாங்கலாம். ஆர்டுயினோ போர்டில் ஜிஆர்பிஎல் என்ற கன்ட்ரோல் சாஃப்ட்வேரை ஓட்டுபவர்கள், எல்லை சிக்னலைத் தலைகீழாகப் படிக்கும்படி $5=1 என்று மாற்ற வேண்டும். மூன்று கால் ஏ3144 ஹால் சிப்பையே பயன்படுத்துவதென்றால், சென்சாருக்குப் பக்கத்திலேயே ஒரு பிசி547 டிரான்சிஸ்டரையும் ஒரு ரெசிஸ்டரையும் வைத்து சிக்னலைத் தலைகீழாக்கிவிடலாம். அதன் பிறகு மூன்று வயரில் எது அறுந்தாலும் எல்லையைத் தொட்டதாகவே மெஷின் எடுத்துக்கொள்ளும். சிப்பே செத்துப்போனால் இந்த ஏற்பாடும் காப்பாற்றாது. ஆகவே அச்சின் இரு முனைகளிலும் ரப்பர் வைத்த திடமான தடுப்பு கட்டாயம். கையால் அடிக்கும் எமர்ஜென்சி ஸ்டாப் சாஃப்ட்வேரை நம்பாமல் மோட்டார் சப்ளையை நேரடியாக வெட்ட வேண்டும்.

சிப் வாங்கும்போதும் கவனம் தேவை. யுஎஸ்1881, ஏ3144, எஸ்எஸ்49இ மூன்றும் பார்வைக்கு ஒன்றுபோலவே மூன்று கால்களுடன் இருக்கும். யுஎஸ்1881 லாட்ச் வகை. ஒரு துருவத்தில் ஆன் ஆனால் எதிர்த் துருவம் வரும்வரை ஆனிலேயே நிற்கும். ஹோம் சுவிட்சுக்கு உதவாது. எஸ்எஸ்49இ காந்தப் புலத்தின் அளவுக்கேற்ப வோல்ட்டேஜ் தரும் வகை, சுவிட்சே அல்ல. நமக்கு வேண்டியது ஏ3144 போல ஒரே துருவத்துக்கு ஆன் ஆகி, காந்தம் விலகியதும் ஆஃப் ஆவது. எழுத்து அச்சிட்ட முகத்துக்குத் தென் துருவத்தைக் காட்டுங்கள். காந்தத்தைத் திருப்பி ஒட்டிவிட்டு சிப் பழுது என்று தூக்கிப் போட்டவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன்.

24 வோல்ட் சப்ளையில் ஓடும் சில சென்சார்களுக்குள்ளேயே புல்-அப் இருக்கும். கறுப்பு வயரில் 24 வோல்ட் வரும். நேராக ஆர்டுயினோவில் செருகினால் பின் எரிந்துபோகக்கூடும். முதலில் மல்டிமீட்டரை வையுங்கள், தேவையென்றால் சிக்னலை ஒளி வழியாகக் கடத்தி வோல்ட்டேஜைப் பிரித்து வைக்கும் ஆப்டோகப்ளர் போடுங்கள்.

காந்தம் சென்சாரை நேருக்கு நேர் வந்து இடிக்கும்படி பொருத்தாதீர்கள், பக்கவாட்டில் கடந்து போகட்டும். ஆனால் சின்னக் காந்தம் முழுவதும் கடந்து போய்விட்டால் சென்சார் மறுபடி ஆஃப் ஆகிவிடும். எல்லை தாண்டிய மெஷின் உள்ளே இருப்பதாக நினைத்துக்கொள்ளும். தடுப்பில் முட்டும்வரை சென்சாரின் முன்னே காந்தம் இருக்கும் அளவுக்கு நீளமாக வையுங்கள். இரும்பு கடையும் லேத், மில்லிங் மெஷினில் காந்தத்தின் மேல் இரும்புத்தூள் தாடிபோல் வளர்ந்து, ஆன் ஆகும் இடத்தையே நகர்த்திவிடும். அங்கே மூடி வேண்டும், இல்லையென்றால் வேறு வகை சென்சாரை யோசிக்கலாம்.

ஸ்பிண்டில் ஓடும்போது காரணமில்லாமல் அலாரம் வந்தால் சென்சாரை மாற்றாதீர்கள். ஆர்டுயினோ சிப்பின் உள் புல்-அப் 20 முதல் 50 கிலோ ஓம் வரை, மின் இரைச்சலுக்கு எதிராக மிகப் பலவீனம். வெளியே 5 வோல்ட்டுக்கு ஒரு 4.7 கிலோ ஓமும், பின்னருகே கிரவுண்டுக்கு 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் சேருங்கள். ஷீல்டு வயரை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்து, ஸ்பிண்டில் கேபிளிலிருந்து தள்ளி ஓட்டுங்கள்.

அந்தப் பெரியவரின் மெஷினில் கப்ளிங் மாற்றி, டிராக் செயினுக்கென்றே வரும் நெகிழ் கேபிள் இழுத்து, மூன்று சென்சாரையும் நார்மலி குளோஸ்டாக்கினோம். எல்லை சிக்னல் வந்ததும் மெஷினை நிறுத்தும் ஹார்டு லிமிட்டை ஆன் செய்துவிட்டு ஒய் அச்சின் கனெக்டரை அவரையே பிடுங்கச் சொன்னேன். தயங்கித் தயங்கித்தான் பிடுங்கினார். திரையில் அலாரம் வந்தது.