தேவையும் தேவைப்பாடும்: ‘ஸ்பெக்’ என்பதைத் தமிழில் எழுதுவது எப்படி?

கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் படிக்கிற பிள்ளைகளும், வவுனியாவில் இருந்தபடி கொழும்புக் கம்பனிகளுக்கு மென்பொருள் எழுதுகிறவர்களும் நாளாந்தம் புழங்குகிற சொற்கள் இரண்டு: றிக்குவயர்மென்ற், ஸ்பெக். ஸ்பெக் என்றால் ஸ்பெசிபிக்கேஷன், றிக்குவயர்மென்ற்களைத் தொகுத்து எழுதிய ஆவணம். ‘ஸ்பெக் வந்திட்டுதா?’, ‘அந்த றிக்குவயர்மென்ற் மாறிப்போச்சு’ என்று கதைக்கும்போது எல்லாருக்கும் விளங்குகிறது. தமிழில் எழுத இருக்கும்போதுதான் கை நிற்கிறது. ‘தேவை’ என்று போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறோம். அது போதாது. இந்தத் தொழிலில் தேவை வேறு, றிக்குவயர்மென்ற் வேறு.

ஒரு குளத்தின் வான்கதவுக்கு எச்சரிக்கை மென்பொருள் செய்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். கமக்காரர் அமைப்பில் போய்க் கேட்டால், ‘வான் திறக்க முதல் எங்களுக்குத் தெரிய வேணும்’ என்பார்கள். இது தேவை. குளத்துக்குக் கீழே வயலும் மாடும் வைத்திருப்பவருக்குக் காலபோக மழையில் இதைவிடப் பெரிய தேவை இல்லை. ஆனால் இந்த ஒரு வசனத்தை வைத்து ஒருவரும் நிரல் எழுத முடியாது. எவ்வளவு நேரம் முதல்? யாருக்கு, எப்படி? கரண்ட் நின்றால் என்ன செய்வது? இருந்து கேட்டு, குளத்துப் பொறியியலாளரோடும் கதைத்து முடித்த பிறகு இப்படி ஒரு வரி வரும்:

‘தே-112: நீர்மட்ட உணரி 36 அடிக்கு மேல் தொடர்ந்து 5 நிமிடம் காட்டினால், அடுத்த 10 வினாடிக்குள் மென்பொருள் அபாய ஒலியை இயக்க வேண்டும்.’

இதுதான் றிக்குவயர்மென்ற். இலக்கம் இருக்கிறது, அளவு இருக்கிறது, செய்தாயிற்றா இல்லையா என்று சோதித்துப் பார்க்கலாம். ‘தொடர்ந்து 5 நிமிடம்’ என்பது ஏன் வந்தது? வாடைக்காற்றில் அலை குளக்கட்டில் வந்து அடிக்கும்போது உணரி ஏறியும் இறங்கியும் காட்டும். அலை எழும்புகிற ஒவ்வொரு தரமும் ஒலி கத்தினால் இரண்டாம் நாள் ஒருவரும் அதைக் கணக்கெடுக்கமாட்டார்கள். அந்தக் காரணத்தையும் அந்த வரியின் பக்கத்திலேயே எழுதிவைக்க வேண்டும். இல்லாவிட்டால் பிறகு வருகிற ஒருவர் ‘இது எதற்கு’ என்று வெட்டிவிடுவார்.

இந்த இரண்டையும் பிரித்துக் காட்டுகிற சொல் இலங்கைத் தமிழில் ஏற்கெனவே இருக்கிறது: தேவைப்பாடு. விண்ணப்பப் படிவங்களிலும் அலுவலகக் கடிதங்களிலும் பார்த்திருப்பீர்கள். தேவைப்படு என்ற வினையிலிருந்து வந்தது. கட்டுப்படு கட்டுப்பாடு ஆவதுபோல, வெளிப்படு வெளிப்பாடு ஆவதுபோல. மனதில் உள்ளது தேவை; பூர்த்தி செய்தே ஆகவேண்டும் என்று எழுத்தில் வைத்த நிபந்தனை தேவைப்பாடு. இந்தத் துறையின் சர்வதேச நியமமான ஐ.எஸ்.ஓ. 29148, 2011இல் முதலில் வந்து 2018இல் திருத்தப்பட்டது. அதுவும் தொடர்புடையோரின் தேவைகளை முதலில் திரட்டி, அவற்றைத் தேவைப்பாடுகளாக மாற்றச் சொல்கிறது. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் அந்த வேலையே கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும்.

ஆங்கிலச் சொல்லின் வேர் இலத்தீனில் ‘தேடு, கேள்’ என்று பொருள்படும் வினை. ஆங்கிலத்தில் கேள்வியைக் குறிக்கிற குவெஸ்ட்சன் என்ற சொல்லும் அதே வேரில் பிறந்ததுதான். எங்கள் ‘வேண்டு’ம் கிட்டத்தட்ட அதே வழியில் நடந்திருக்கிறது: வேண்டுகோள் என்றால் கேட்பது, நான்காம் குறளின் ‘வேண்டுதல்’ விருப்பம், ‘செய்ய வேண்டும்’ என்றால் கட்டாயம். சிக்கலும் இதில்தான் இருக்கிறது. 29148இன்படி கட்டாயத்துக்கு ஒரு துணைவினை, விரும்பத்தக்கதற்கு வேறொன்று, அனுமதிக்கு இன்னொன்று என்று ஆங்கிலத்தில் பிரித்து எழுதுவார்கள். தமிழில் முதல் இரண்டுக்கும் ‘வேண்டும்’ வந்து விழுகிறது. அதனால் தமிழில் ஆவணம் எழுதுகிறவர்கள் முதல் பக்கத்திலேயே ஒரு விதி போட்டுக்கொள்வது நல்லது: ‘வேண்டும்’ கட்டாயத்துக்கு மட்டும், விரும்பத்தக்கதற்கு ‘நல்லது’, அனுமதிக்கு ‘-லாம்’.

சரி, ஸ்பெசிபிக்கேஷன்? இலத்தீனில் ‘பார்’ என்ற வினையிலிருந்து ‘தோற்றம், வகை’ என்ற பெயர்ச்சொல் வந்தது. அதோடு ‘செய்’ சேர்ந்து, இன்ன வகை என்று பிரித்துக் காட்டுவது என்ற பொருள் பிறந்தது. தமிழில் விவரக்குறிப்பு, விவரக்கூற்று இரண்டும் வழக்கில் உண்டு. நான் விவரக்கூற்றின் பக்கம். குறிப்பு என்றால் சுருக்கமாக எழுதியது என்ற எண்ணம் வந்துவிடுகிறது. கூறு என்பதற்கோ ‘சொல்’ என்றும் ‘பகுதி’ என்றும் இரண்டு பொருள். கூறு கூறாகப் பிரித்துச் சொன்னதுதானே இந்த ஆவணம்! இன்னொன்றும் உண்டு: அகப்பாடல்களில் தலைவி கூற்று, தோழி கூற்று என்று யார் சொன்னது என்பதைக் குறித்துவைப்பார்கள். ஒவ்வொரு தேவைப்பாட்டுக்கும் அது யாரிடமிருந்து வந்தது என்று எழுதிவைப்பதும் இந்தத் தொழிலின் அடிப்படை ஒழுங்கு.

அந்த ஒழுங்கைக் காப்பாற்றத்தான் தனி மென்பொருள்கள் வந்தன. விமானம், ரயில், வாகனம் செய்கிற இடங்களில் பேர்போனது டோர்ஸ். அதை வைத்திருந்த டெலிலொஜிக் கம்பனியை ஐ.பி.எம். 2008இல் வாங்கியது. அதில் ஒவ்வொரு தேவைப்பாடும் தனித்தனிப் பொருளாக நிற்கும். அதற்கென ஓர் இலக்கம் உண்டு. மூலம், காரணம், நிலை, சோதனை முறை எல்லாம் அதன் பண்புகளாகப் பக்கத்துக் கட்டங்களில் வரும். வேர்ட் கோப்பில் ஒரு பந்தியை நடுவில் நுழைத்தால் கீழுள்ள இலக்கமெல்லாம் மாறிப்போகும், இங்கே மாறாது.

எல்லாரும் ஒத்துக்கொண்ட நிலையில் பூட்டிவைக்கிற பதிப்பை அடிநிலை எனலாம். சிறுபோகக் கூட்டத்தில் இத்தனை ஏக்கர், இன்ன திகதியில் தண்ணீர் என்று முடிவெடுத்துப் பதிந்த பிறகு ஒருவர் தன் பாட்டில் கூட்டி விதைத்தால், கடைசித் தண்ணீர் வாய்க்காலின் வால்பகுதி வயலுக்கு எட்டாது. மாற்றம் வேண்டுமென்றால் திரும்பக் கூட வேண்டும். அடிநிலையும் அப்படித்தான்.

ஒரு தேவைப்பாடு எந்தத் தேவையிலிருந்து வந்தது, எந்த நிரலாகியது, எந்தச் சோதனையில் தேறியது என்று முன்னும் பின்னும் போய்ப் பார்க்க முடிவதை தடமறிதல் என்கிறோம். நல்ல சொல், மாற்ற வேண்டியதில்லை. அதைக் கைவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு 1996 யூன் 4 சாட்சி. பிரெஞ்சு கயானாவிலிருந்து முதல் தடவையாகக் கிளம்பிய ஏரியன் 5 ஏவுகலம் சுமார் 40 வினாடியில் சிதறியது. அதன் வழிகாட்டு மென்பொருள் ஏரியன் 4இலிருந்து எடுத்தது. கிளம்பிய பிறகும் சிறிது நேரம் ஒரு சீரமைப்புக் கணக்கு ஓட வேண்டும் என்பது ஏரியன் 4இன் தேவைப்பாடு. ஏரியன் 5க்கு அது தேவையே இல்லை. இருந்தும் ஓடியது. புதிய ஏவுகலத்தின் கிடைவேகம் அதிகமாக இருந்ததால், 64 பிட் எண் ஒன்று 16 பிட்டுக்குள் அடங்காமல் கணினி நின்றுபோனது. ஏரியன் 5இன் பறப்புப்பாதைத் தரவு அந்தக் கருவியின் விவரக்கூற்றில் இருக்கவில்லை என்று விசாரணைக் குழு எழுதியது. ‘இந்த வரி யாருக்காக இருக்கிறது?’ என்று தடம் பிடித்துப் போயிருந்தால் விடை ‘ஒருவருக்கும் இல்லை’ என்றுதான் வந்திருக்கும்.

மிச்சம் ஒரு சொல்தான்: இந்த வேலை முழுவதற்குமான பெயர். முகாமைத்துவம் என்று நாங்கள் எழுதுவதைத் தமிழ்நாட்டில் மேலாண்மை என்பார்கள். இங்குள்ள குழுவுக்கு எழுதும்போது ‘தேவைப்பாட்டு முகாமைத்துவம்’. இரு கரையிலும் வாசிக்கப் போகிறார்கள் என்றால், முதல் தடவை ‘அதாவது தேவைப்பாட்டு மேலாண்மை’ என்று சேர்த்துவிட்டுத் தொடரலாம். டோர்ஸ் டோர்ஸாகவே இருக்கட்டும்.