கறுப்புக் கோடு அழுக்கன்று

பழைய மரப்பேழைகளைச் செப்பனிடும் என் பணியில் அடிக்கடி காணும் சேதம், செல்லரித்ததால் வந்ததன்று. நல்லெண்ணத்தோடு துடைத்ததால் வந்தது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு குடும்பத்தார் கொண்டுவந்த பேழையின் மூடியில், வேட்டைக்காரன் ஒருவனின் கால்களும் அவனுடைய நாயின் வாலும் மட்டுமே எஞ்சியிருந்தன. நடுவிலிருந்த 'அழுக்கு' சோப்பு நீருக்கு மசியவில்லையென்று உப்புத்தாளால் தேய்த்திருக்கிறார்கள். போனது சித்திரம்.

அது மெக்சிகோவின் வஹாக்கா மாநிலத்து மலையூரான வில்லா ஆல்ட்டாவின் வேலைப்பாடு. ஸ்பானிய ஆட்சிக்காலத்தில், 17, 18ஆம் நூற்றாண்டுகளில், அங்குள்ள தச்சர்கள் வெளிர்நிற மரத்துண்டுகளை அடர்நிற மரத்தினிடையே பதித்து, அவற்றின்மேல் நுண்ணிய கோடுகளைக் கீறி, அக்கீறல்களில் சுலாக்கே எனப்படும் கறுப்புப் பசையை நிரப்பினார்கள். ஐரோப்பிய அச்சுப்படங்களைப் பார்த்துக் கீறியதால், முகத்தின் நிழலும் துணியின் மடிப்பும்கூட நெருக்கமான கோடுகளாகவே அமைந்தன. பழக்கமில்லாத கண்ணுக்கு அவை படிந்துபோன கறையாகத் தெரிவதில் வியப்பில்லை. ஒரு கைவிளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து உருப்பெருக்கியால் பார்த்தால் வேறுபாடு விளங்கிவிடும்: அழுக்கு கண்டபடி பரவியிருக்கும், பசையோ வெட்டிய கோட்டுக்குள்ளேயே அடங்கியிருக்கும். பசை உதிர்ந்த கீறலை மீண்டும் நிரப்பிவிடலாம். கீறலே தேய்ந்துவிட்டால் வழியில்லை.

பெருவின் லிமா நகரத்துப் பெட்டிகளில் சிக்கல் வேறு. அங்கே மரத்தின்மேல் முத்துச்சிப்பியும் ஆமையோடும் ஒட்டப்பட்டிருக்கும். 1565 முதல் 1815 வரை பிலிப்பைன்ஸின் மணிலாவுக்கும் மெக்சிகோவின் அக்காபுல்கோ துறைமுகத்துக்கும் இடையே ஓடிய கப்பல்கள் கொண்டுவந்த ஆசியப் பொருள்களின் சாயல் அவற்றில் உண்டு. காற்றின் ஈரத்துக்கேற்ப மரம் விரிந்து சுருங்கும், சிப்பி அசையாது. ஆகையால் பகலில் ஏசி ஓடி இரவில் நிற்கும் அறையில் சில்லுகள் ஒவ்வொன்றாக எழும்பிவிடுகின்றன. உதிர்ந்த சில்லை ஓர் உறையிலிட்டு, எந்த இடத்தில் இருந்ததென்று எழுதி வையுங்கள். உடனடிப் பசையால் ஒட்டாதீர்கள். விலங்குத் தோல், எலும்பிலிருந்து காய்ச்சும் பழைய வஜ்ஜிரத்தை வெதுவெதுப்பான ஈரத்தால் இளக்கிவிடலாம், உடனடிப் பசையைப் பிரிக்கும்போதோ மரமும் சேர்ந்து பிய்ந்து வரும். எலுமிச்சையும் வினிகரும் சிப்பியை அரிக்கும். புதிய ஒட்டுப்பலகை அலமாரிக்குள் பெட்டியைப் பூட்டி வைத்தால், அது கசியும் அமில ஆவியே சிப்பியில் வெண்பொடி பூக்கப் போதும்.

இன்னொன்று, ஆமையோடு பெரும்பாலும் அழுங்காமை என்னும் கடலாமையினுடையது. அதன் பன்னாட்டு வணிகம் அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையால் தடைசெய்யப்பட்டிருப்பதால், இத்தகைய பெட்டியை விற்பதற்கோ வேறு நாட்டுக்குக் கொண்டுசெல்வதற்கோ முன் சட்டநிலையைக் கேட்டறிந்துவிடுங்கள்.

அந்த வேட்டைக்காரனின் உடலை நான் வரைந்து நிரப்பவில்லை. எந்த அச்சுப்படத்தைப் பார்த்து அவனைக் கீறினார்கள் என்பது தெரியாமல் நான் வரைவது, என் வேட்டைக்காரனாகத்தான் இருந்திருக்கும். குடும்பத்தாருக்குச் சற்று வருத்தந்தான். எஞ்சிய கோடுகளைச் சுற்றியிருந்த தூசியை உலர்ந்த மென்தூரிகையால் நீக்கி, வாலருகே தளர்ந்திருந்த ஒரு துண்டை வஜ்ஜிரத்தால் மீண்டும் படியவைத்துக் கொடுத்தேன்.